தடுப்புத் தொட்டியில் முப்பத்தேழு மீன்கள்

மீனுக்கு நோய் வருத்தம் வந்தால் முதலில் மீனைப் பார்க்கக்கூடாது, அதன் காகிதக் கோவையைத் திறக்கவேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரையோரமாக இருக்கிற கடல் அலங்கார மீன் நலன்புரி நிலையத்தில் வேலைக்குச் சேருகிற எவருக்கும் முதல்நாளே சொல்லிக்கொடுக்கப்படுகிற பாடம் இது. மீன் தன்பாட்டில் நீந்திக்கொண்டிருக்கும். கோவை அப்படியல்ல. அதற்கு இலக்கம் போடவேண்டும், துளை போட்டு நூல் கட்டவேண்டும், மேலதிகாரி கையெழுத்து வைக்கவேண்டும். இவ்வளவும் முடிவதற்கிடையில் மீனும் முடிந்துவிட்டால் அது மீனுடைய அவசரம்.

வெளிநாட்டுக்காரரின் கண்ணாடித் தொட்டிகளுக்குப் போகவேண்டிய கடல் மீன்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மருந்து கொடுத்து அனுப்புவதுதான் நிலையத்தின் வேலை. பெயர்ப்பலகையில் மூன்று மொழியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நலன்புரி நிலையம் என்ற சொல்லைக் கேட்டால் இந்த மாவட்டத்தில் பாதிப்பேர் வேறு கதைக்குப் போய்விடுவார்கள். போர் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பதில் அதே பெயருள்ள இடத்தில், முட்கம்பிக்குள் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் அவர்கள். ஆனால் பெயர் வைத்த பணிப்பாளர் ஜனார்த்தனனைக் குறைசொல்லிப் பயனில்லை. பத்து வருடம் முகாம் நிர்வாகத்தில் இருந்த மனிதர். உயிருள்ள ஒன்றை அடைத்துவைத்துப் பராமரிக்க அவரிடம் கைவசம் இருந்தவை அந்தச் சொற்கள்தான். ஆகவே நோயுள்ள மீனைத் தனியாக வைக்கிற தொட்டி தடுப்புத் தொட்டி. சுகப்பட்ட மீன் போயிருக்கவேண்டியது புனர்வாழ்வுத் தொட்டி. அங்கிருந்து ஏற்றுமதிக்கு அனுப்புவது மீள்குடியேற்றம். முகாம் காலத்துப் படிவங்களும் கட்டுக்கட்டாக மிஞ்சியிருந்தன. 'குடும்பத் தலைவர்' என்பதைப் பேனையால் வெட்டி 'மீன் இனம்' என்று எழுதிக்கொண்டார்கள். 'இறுதியாக இடம்பெயர்ந்த இடம்' என்பதை அப்படியே விட்டார்கள். அது மீனுக்கும் பொருந்தியது.

ராஜினி அங்கே தொட்டிப் பணியாளர். நாற்பத்தொரு வயது. தாயும் தகப்பனும் எண்பத்து மூன்று வன்செயலில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். இருவரும் இப்போது இல்லை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டறை வீட்டில், நிலையத்திலிருந்து சைக்கிளில் கால்மணி நேரத் தூரத்தில் அவள் தனியாக இருக்கிறாள். பிரதீபன் என்று ஒரு தம்பி. அவன் இந்தக் கதையில் பிறகு வருவான். வருவான் என்றுதான் அவளும் பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

காலையில் கடல்தண்ணீர் எடுத்துவந்து நிரப்புவாள், கண்ணாடி துடைப்பாள், மீனுக்குச் சாப்பாடு போடுவாள். இதெல்லாம் விளங்குகிற வேலைகள். விளங்காதது ஒன்று இருந்தது. தினமும் காலை எட்டரைக்கு, தடுப்புத் தொட்டியில் இருக்கும் முப்பத்தேழு மீன்களுக்கு அவள் சாப்பாடு போடவேண்டும். தடுப்புத் தொட்டியில் மீன் எதுவும் இல்லை.

இது எப்படி வந்தது என்றால், கடல் மீன்களுக்கு வெண்புள்ளி நோய் என்று ஒன்று உண்டு. நீந்துகிற செட்டையிலும் உடம்பிலும் உப்புத் தூளைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வரும். அதற்குச் செப்பு மருந்து போடலாம், ஆனால் அளந்து போடவேண்டும், கூடினால் நஞ்சு. எவ்வளவு என்று மேலிடத்துச் சுற்றறிக்கை சொல்கிறது. சுற்றறிக்கை எழுதியவர் ஆயிரம் லீற்றர் தொட்டியை மனதில் வைத்து எழுதினார். நிலையத்துக்கு வந்துசேர்ந்தது நானூறு லீற்றர் தொட்டி. மருந்தைக் குறைக்கலாமா என்று கேட்டதற்கு, சுற்றறிக்கையைத் திருத்த முடியாது, தொட்டியைத்தான் பெரிதாக்கவேண்டும், அதற்கு விண்ணப்பிக்கவும் என்று பதில் வந்தது. விண்ணப்பித்து மூன்று வருடம். அதுவரைக்கும் ஆயிரம் லீற்றருக்கான மருந்து நானூறு லீற்றருக்குள் போனது. உள்ளே விட்ட மீன்கள் இரண்டாம் நாளே பக்கவாட்டில் சாய்ந்தன.

பதிவுப் புத்தகத்தில் ஒரு மீனைப் பற்றி எழுத இரண்டே இடங்கள்தான் இருந்தன: 'சிகிச்சையில் உள்ளது', 'குணமடைந்து விடுவிக்கப்பட்டது'. செத்தது என்று எழுத இடம் இல்லை. குணமடையாத மீன் எல்லாம் சிகிச்சையில் இருந்தது.

ஒருநாள் அவள் துணிந்து கேட்டாள்.

"சேர், தடுப்புக்குள்ள மீன் ஒண்டும் இல்லையே. ஆருக்குச் சாப்பாடு போடுறது?"

"பதிவைப் பாரும் பிள்ளை. முப்பத்தேழு சிகிச்சையில இருக்கு. சிகிச்சையில இருக்கிற உயிரைப் பட்டினி போட்டம் எண்டு நாளைக்கு ஆரும் கேட்டால் நான் பதில் சொல்லவேணும்."

"அதுகள் செத்துப்போச்சு சேர். பின்வளவில கிடங்கு வெட்டி நான்தானே தாட்டனான்."

"நீர் தாட்டது உம்மட சொந்த விசயம்," என்றார் பணிப்பாளர்.

ஆகவே அவள் போட்டாள். நீலமாகத் தெளிந்து கிடக்கும் தண்ணீரில் சாப்பாட்டுத் துகள்கள் மெதுவாக இறங்கும். யாரும் வந்து கொத்தமாட்டார்கள். அடுத்த நாள் காலை பார்த்தால் தொட்டியின் அடி துடைத்தாற்போல இருக்கும், ஒரு துகளும் மிஞ்சியிராது. வடிகட்டி இழுத்திருக்கும் அக்கா, என்று மீன் நல அலுவலர் சிவதர்சினி சொன்னாள். வடிகட்டி பழுதாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அது இருவருக்கும் தெரியும் என்பதால் அந்தக் கதையை அதோடு விட்டார்கள்.

ராஜினி அந்த அறைக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போகத் தொடங்கினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த முப்பத்தேழையும் வலையால் பிடித்து உள்ளே விட்டது அவளுடைய கை. புள்ளியைக் கண்டால் படிவத்தை நிரப்பிப் பதியவேண்டும், பதிந்தால் தடுப்பில் விடவேண்டும். அதுதான் ஒழுங்கு. கடலடியில் இறங்கி மீன் பிடித்துக் கொடுக்கும் சுழியோடிகள் விசயத்தை விளங்கிக்கொண்டு, நிலையத்தின் பக்கமே வராமல் வேறு வழியால் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் நிலையத்தில் உயிரோடு இருந்தது ஒரே ஒரு மீன்தான். முன்மண்டபத் தொட்டியில், வருகிறவர்கள் பார்ப்பதற்காக வைத்த வண்ணாத்தி மீன். மஞ்சள் உடம்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு, உள்ளங்கை அளவு. அந்த ஒரு மீனைப் பராமரிக்கப் பதினொரு பேர் சம்பளத்தில் இருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அதன் செட்டையில் ராஜினி ஏழு வெள்ளைப் புள்ளிகளைக் கண்டாள்.

படிவத்தை எடுக்கச் சிவதர்சினியிடம் போனாள். சிவதர்சினி பல்கலைக்கழகத்தில் இதையே படித்த பிள்ளை. கண்ணாடிக்குள் குனிந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"வண்ணாத்தி செப்பைத் தாங்காது அக்கா. அளவாப் போட்டாலே கஷ்டம். இஞ்ச போடுற அளவுக்கு ஒரு நாளும் நிக்காது."

"வேற வழி இல்லையோ மிஸ்?"

"வழி இருக்கு. மருந்தே தேவையில்லை." அவள் கதவுப்பக்கம் பார்த்துக்கொண்டாள். "அந்தப் புள்ளிகள் ரெண்டு மூண்டு நாளில உடம்பிலயிருந்து கழண்டு அடியில விழும். அடியில கிடந்து குஞ்சு பொரிச்சு, நூற்றுக்கணக்கில எழும்பிவந்து திரும்பவும் மீனைப் பிடிக்கும். அது எழும்ப முந்தி மீனை வேற சுத்தமான தண்ணிக்கு மாத்தவேணும். மூண்டு நாளைக்கு ஒருக்கா. பழைய தண்ணியில ஒரு சொட்டும் கூட வரக்கூடாது. பழைய வாளியைக் கழுவி வெயில்ல காயப்போடவேணும். நாலுதரம் மாத்தினால் நோய் பின்னால நிண்டிடும், மீன் முன்னால வந்திடும்."

"பேந்து ஏன் நாங்கள் அதைச் செய்யேல்லை?"

"சுற்றறிக்கையில இல்லை அக்கா."

ராஜினி படிவத்தோடு முன்மண்டபத்துக்கு வந்தாள். வலையைத் தண்ணீருக்குள் விட்டாள். மற்ற மீன்கள் வலையைக் கண்டால் கல்லுக்குப் பின்னால் ஓடும், மூலைக்கு மூலை கலைத்துத்தான் பிடிக்கவேண்டும். இது ஓடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே வந்து வலைக்குள் தானாக நின்றது.

பிரதீபனும் அப்படித்தான் போனான். பதினேழு வயது. சண்டைக்கு ஆள் பிடித்த இயக்கம் பதினொரு நாள் வைத்திருக்க, அவன் தப்பி வந்தவன். சண்டையின் கடைசி நாளில், ஒரு வெளியில் சனமெல்லாம் குந்தியிருக்க, இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பெயரைப் பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம். என்ன செய்யிறது அக்கா, என்று கேட்டான். ராஜினிக்குப் பதிவிலும் காகிதத்திலும் நம்பிக்கை இருந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது இருக்கும். ஒரு குடியுரிமைக் காகிதம் இல்லாததால் நாடே இல்லாமல் இருந்தவர்கள் அவர்களுடைய பெற்றோர். "போய்ப் பதிஞ்சிட்டு வா. பதிஞ்சால் பயமில்லை," என்று அவள்தான் சொன்னாள். அவன் எழுந்து போனான். இதை அவள் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

அவள் படிவத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். மீனைத் தண்ணீரோடு ஒரு தடித்த பைக்குள் விட்டுக் கட்டி, சாப்பாட்டுக் கூடைக்குள் வைத்து, மேலே துவாயைப் போட்டாள். சைக்கிளடிக்கு வந்தபோது பின் காரியலில் தண்ணீருக்குக் காற்றடிக்கிற ஒரு சின்ன மோட்டர் கிடந்தது, பற்றரியில் வேலை செய்கிறது. அதை அங்கே யார் வைத்தார்கள் என்று அவள் தேடவில்லை. சிவதர்சினி மேல்மாடி யன்னலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இரண்டு வாளிகள் இருந்தன. முகாமில் நிவாரணமாகக் கொடுத்த மூடி போட்ட வெள்ளை வாளிகள். கொடுத்த நிறுவனத்தின் அடையாளம் அழிந்து பாதிதான் மிஞ்சியிருந்தது. முதலாவது வாளியில் மூன்று நாள், இரண்டாவதில் மூன்று நாள், திரும்ப முதலாவதில். ஒவ்வொரு முறையும் விடிய எழும்பிக் கடலில் புதுத் தண்ணீர் அள்ளிவந்தாள். மீனை மட்டும் கையால் தூக்கி மாற்றினாள். பழையதிலிருந்து ஒரு கல்லும் இல்லை, ஒரு சொட்டும் இல்லை. இதை அவளுக்கு யாரும் படிப்பிக்கவேண்டியிருக்கவில்லை. ஜெயபுரத்திலிருந்து அக்கராயன், அங்கிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று சண்டைக்காலத்தில் அவர்களும் அப்படித்தான் வந்தார்கள். மூன்று நாள், நாலு நாள், பின்னாலிருந்து அது எழும்பி வருமுன் அடுத்த இடம். இடம்பெயர்வது ஒரு வைத்தியம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை நிலையம் வெறுந்தொட்டியைக் கண்டுபிடித்தது.

பணிப்பாளர் பதினொரு பேரையும் முன்மண்டபத்தில் நிறுத்திவைத்துப் பேசினார். அவருடைய குரல் உண்மையிலேயே தளதளத்தது.

"எல்லாரும் கேளுங்கோ. எங்கட பொறுப்பில இருந்த ஒரு உயிர் காணாமல் போறதெண்டால் அது சின்ன விசயம் இல்லை. எங்க இருந்தது, ஆர் கடைசியாக் கண்டது, ஆரின்ர கையில குடுபட்டது, எல்லாத்துக்கும் பதில் வேணும். பதினாலு நாளைக்குள்ள வேணும். ஒரு உயிரைக் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டுச் சும்மா இருக்கிறதுக்கு நாங்கள் என்ன காட்டுமிராண்டியளோ?"

ராஜினி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு முன்னால் வந்தாள்.

"சேர், ஆக்களுக்கும் இப்பிடித்தானோ?"

"எந்த ஆக்களுக்கு?"

"காணாமல் போன ஆக்களுக்கு."

பணிப்பாளர் கோபப்படவில்லை. விளக்கம் சொல்லும் குரலில் சொன்னார்: "அது வேற திணைக்களம், பிள்ளை. அவைக்கு வேலைக்கு ஆளணி காணாது."

புதன்கிழமையே மூவர் கொண்ட ஆணைக்குழு இரண்டு வாகனங்களில் வந்திறங்கியது. மூவரும் ஓய்வுபெற்றவர்கள், மூவருக்கும் விசாரணையில் நீண்ட அனுபவம். முதல் வேலையாகத் தொட்டியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். பிறகு தண்ணீரை வெளியேற்றி, அடியில் கிடந்த மணலை நூல் கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, தூரிகையால் கூட்டி, அரித்தட்டில் அரித்தார்கள். இரண்டு நாள் அரித்தார்கள். அரித்த மணலைத் தட்டுகளில் பரப்பி வெயிலில் காயவைத்தார்கள். தொட்டியும் காய்ந்தது. அதுவரை அடியில் கிடந்த நோய்க்கிருமி முழுவதும் அந்த வெயிலில் செத்தது. ஆணைக்குழு செய்த ஒரேயொரு நல்ல காரியம் அதுதான், அறிக்கையில் அது இடம்பெறவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் அரித்தட்டில் ஒரு சட்டைப் பொத்தான் வந்தது.

தொட்டிக்கு மணல், கடைசிச் சண்டையில் சனம் செத்துக் கிடந்த இதே கடற்கரையில்தான் அள்ளியது. பொத்தான் பச்சை நிறம், நாலு துளை, ஒன்றில் நூல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மண்டபத்தில் நின்ற உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் கிட்ட வந்தார்கள். காவலாளி தொப்பியைக் கழற்றினார். ஆணைக்குழுத் தலைவர் பொத்தானை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மீனில பொத்தான் இருந்ததோ?" என்று கேட்டார்.

"இல்லை சேர்."

"விசாரணைக்குத் தொடர்பில்லாதது," என்று எழுதச்சொல்லிவிட்டுக் குப்பைக்கூடைக்குள் போட்டார்.

ராஜினி கூட்டும்போது அதை எடுத்தாள். பிரதீபனுடைய நீலச் சட்டையில் வெள்ளைப் பொத்தான்கள். இது வேறு யாரோ ஒருவருடையது, வேறு யாரோ ஒருத்தி தேடுகிற பொத்தான். கழுவித் துணியில் முடிந்து வைத்தாள்.

மறுவாரம் சாட்சிகள் விசாரணை. முதலில் வந்தவர் முன்ஸிர். வண்ணாத்தி மீனைப் பிடித்துக் கொடுத்த சுழியோடி. தொண்ணூறில் இயக்கம் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது குடும்பத்தோடு துரத்தப்பட்டு, இருபது வருடம் புத்தளத்தில் இருந்து திரும்பி வந்தவர். தலைவர் படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இறுதியா இடம்பெயர்ந்த இடம்?"

"எனக்கோ சேர், மீனுக்கோ?"

"மீனுக்கு."

"மீன் இடம்பெயரேல்லை சேர். அது கடல்லதான் இருந்தது. நான்தான் புத்தளத்தில இருந்தனான்."

"மீன் பிறந்த இடத்துக்குக் கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தல் கடிதம் இருக்கோ?"

"கடலுக்குள்ள இருக்கிற அந்தக் கல்லுப் பாருக்கு எந்தக் கிராம சேவையாளர் எண்டு தெரியாது சேர். ஆள் சுழியோடத் தெரிஞ்சவரா இருந்தால் நான் கூட்டிக்கொண்டு போறன்."

'சாட்சி ஒத்துழைக்கத் தயார்' என்று எழுதிக்கொண்டார்கள். முன்ஸிர் வெளியே வரும்போது ராஜினியின் கையைப் பார்த்தார். விரல்களெல்லாம் உப்பில் வெடித்திருந்தன. மூன்று நாளுக்கொருமுறை விடிய அவள் வாளியோடு கடலுக்கு வருவதைத் தோணியிலிருந்து கண்டவர் அவர். "வாளியில கனநாள் வைக்கேலாது தங்கச்சி," என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது ராஜினி. கதிரையில் இருந்தாள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேள்வி கேட்டார். பக்கத்தில் இருந்த எழுதுநர் தலை நிமிராமல் எழுதினார்.

"காணாமல் போனதைக் கடைசியாக் கண்டது ஆர்?"

"நான்தான்."

"கடைசியாக் கண்டபோது அது எந்த நிலையில இருந்தது? அவசரமில்லை. நினைவுபடுத்திச் சொல்லுங்கோ."

பதினாறு வருடத்தில் அவள் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் இருந்திருக்கிறாள். அடையாள அட்டைப் பிரதி கேட்டிருக்கிறார்கள், எந்த இயக்கம் என்று கேட்டிருக்கிறார்கள், நட்டஈடாக ஆடு வேண்டுமா கோழி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவசரமில்லை என்று யாரும் சொன்னதில்லை.

"களைச்சிருந்தவன்," என்றாள். "ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. நீலச் சேர்ட் போட்டிருந்தவன், அது அவனுக்குப் பெரிசு. காலில செருப்பில்லை. என்ன செய்யிறது எண்டு கேட்டவன். நான்தான் போகச்சொன்னனான். பதிஞ்சிட்டு வா எண்டனான். வரிசையில நிண்டவன், அவனுக்கு முன்னால ஒன்பது பேர். பஸ்ஸில ஏறேக்க ஒருக்காத் திரும்பிப் பாத்தவன். கை காட்டேல்லை. நான் கை காட்டினனான், அவன் கண்டவனோ தெரியாது. பஸ் பச்சை. நம்பர் பாக்கவேணும் எண்டு எனக்கு அப்ப தோன்றேல்லை."

மின்விசிறி சுற்றியது. எழுதுநரின் பேனை நிற்கவில்லை.

"தொடருங்கோ அம்மா," என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல்.

அவள் தொடர்ந்தாள். நாற்பது நிமிடம் சொன்னாள். அவன் சின்ன வயதில் தேங்காய்ப்பூவைக் களவெடுத்துத் தின்றது, கணக்கில் கெட்டிக்காரன், பயம் வந்தால் விக்கல் எடுப்பது, எல்லாம் சொன்னாள். முடிந்தபோது முகம் முழுக்க நனைந்திருந்தது, நெஞ்சு காற்றுப் போனதுபோல இலேசாக இருந்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை, ஏனென்றால் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

பதினாலாம் நாள் அறிக்கை வந்தது. பணிப்பாளர் அதைச் சத்தமாக வாசித்தார். 'நீலச் சட்டை அணிந்த, பெரிய அளவுச் சட்டையுடைய, செருப்பற்ற வண்ணாத்தி மீனானது, இரண்டு நாட்கள் உணவின்றி, வரிசையில் பத்தாவதாக நின்று, பச்சை நிறப் பேருந்தில் ஏறிச் சென்றமை சாட்சியத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது. மேற்படி பேருந்து எமது அதிகார எல்லைக்கு வெளியே உள்ளது. ஆகவே காணாமைச் சான்றிதழ் வழங்கி இக்கோவையை மூடலாம்.' வாசித்து முடித்துவிட்டு, மிகவும் முழுமையான அறிக்கை என்றார். சிவதர்சினி மட்டும் எழுந்து வெளியே போனாள். முகம் கழுவுகிற சத்தம் கேட்டது.

சான்றிதழில் 'நெருங்கிய உறவினர்' கையெழுத்து வைக்க ஓர் இடம் இருந்தது. வேறு எவரும் உரிமை கோராதபடியால் ராஜினியின் பெயரைத் தட்டச்சில் அடித்திருந்தார்கள். அந்தத் தாளை அவளுக்குத் தெரியும். இதேபோல ஒன்றைப் பிரதீபனுக்கும் மூன்று முறை நீட்டியிருக்கிறார்கள். மூன்று முறையும் அவள் தொடவில்லை.

"இதில வையும் பிள்ளை. விசயம் முடிஞ்சுது."

"அது உயிரோட இருக்கு சேர்."

"எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

பணிப்பாளர் இரக்கத்தோடு தலையாட்டினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. "எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை," என்றார். "பத்து வருசம் கேட்டிட்டன்."

"திரும்பி வந்தால் என்ன செய்வீங்கள் சேர்?"

"வராது. வந்தாலும் அது இந்த மீனில்லை. இது முடிஞ்சுது. வாறது புது மீன். புது மீனெண்டால் புதுசாப் பதிஞ்சு, முதல்ல தடுப்பில விட்டு..." அவர் பேனையைத் தேடிக்கொண்டே சொன்னார். அவள் கையெழுத்து வைக்காதபடியால் அவளுக்காகத் தானே வைத்தார். அதற்கும் ஒழுங்குவிதி இருந்தது.

அன்று வீட்டில் வாளியின் மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு புள்ளியும் இல்லை. மஞ்சள் மஞ்சளாக இருந்தது, கறுப்புக் கோட்டுக்குள்ளிருந்து கண் அவளைப் பார்த்தது. ஆனால் உடம்பு மெலிந்திருந்தது, திரும்ப இடமில்லாமல் மூக்கைச் சுவரில் இடித்தது. வாளிக்குள் உயிரைப் பிடித்துவைத்திருக்கலாம், வாழமுடியாது. அது முகாமில் இருந்த எவருக்கும் தெரியும். கடலில் விடலாம் என்றும் யோசித்தாள். முழங்கால் ஆழத்துக்கு மேல் அந்தக் கடலுக்குள் அவள் இறங்குவதில்லை. அதனிடம் இன்னொன்றையும் கொடுக்க மனம் வரவில்லை.

அடுத்த நாள் காலை எல்லாரும் வருமுன் போய், முன்மண்டபத் தொட்டியில் விட்டாள். காய்ந்து சுத்தமாகிப் புதுத் தண்ணீர் நிரப்பிய தொட்டி. மீன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் பழைய கல்லடிக்குப் போய் நின்றது.

பணிப்பாளர் ஒன்பது மணிக்கு வந்தார். தொட்டிக்கு முன்னால் நின்றார். கனநேரம் நின்றார். அவருடைய முகத்தில் கோவைகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவது தெரிந்தது. மீன் இருக்கிறதென்றால் அறிக்கை பிழை. அறிக்கை பிழையென்றால் ஆணைக்குழு பிழை. ஆணைக்குழுவை நியமித்தது மேலிடம். வழங்கிய சான்றிதழை மீளப்பெறப் படிவம் இல்லை, ஏனென்றால் காணாமல் போனது எதுவும் திரும்பி வரும் என்று எந்தத் திணைக்களத்திலும் யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். மீன் கண்ணாடியருகே வந்து அவரைப் பார்த்தது.

"மிஸ் சிவதர்சினி, உமக்கு இதுக்குள்ள ஏதும் தெரியுதோ?"

"இல்லை சேர்," என்றாள் சிவதர்சினி.

"ராஜினி, உமக்கு?"

ராஜினி மீனைப் பார்த்தாள். அதை இல்லை என்று சொல்வது அந்தச் சான்றிதழில் கையெழுத்து வைப்பதுபோல. இருக்கிறது என்று சொன்னால் வலையைக் கொண்டுவரச் சொல்வார்கள். அவளுடைய கையால்தான் மாற்றவேண்டும். முப்பத்தெட்டாவது.

"ஒண்டும் இல்லை சேர்," என்றாள்.

"எனக்கும் தெரியேல்லை," என்றார் பணிப்பாளர், பெரும் ஆறுதலோடு.

அன்றிலிருந்து நிலையத்தில் அந்த மீன் இல்லை. பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியைக் காட்டி, எவ்வளவு வடிவு என்பார்கள். காவலாளி மரியாதையோடு, அது வெறுந்தொட்டி என்பார். சிலர் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு விறைத்த முகத்தோடு வெளியேறுவார்கள். இல்லாத மீனுக்குச் சாப்பாடு ஒதுக்கமுடியாது. ஆகவே தடுப்புத் தொட்டியில் இருக்கும் முப்பத்தேழு மீன்களுக்கான சாப்பாட்டிலிருந்து காலையில் ஒரு நுள்ளு எடுத்து ராஜினி இதற்குப் போடுகிறாள். மிகுதியை வழக்கம்போல அங்கே கொண்டுபோய்ப் போடுகிறாள், செருப்பைக் கழற்றிவிட்டு. அது வழக்கம்போல விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. மீன் கொழுத்துவிட்டது.

மாத முடிவில் அவள் கிளிநொச்சிக்குப் போனாள். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கிற அலுவலகம் ஒன்று அங்கே இருக்கிறது. மாதம் ஒருமுறை போவாள். இந்த முறை மேசையில் புதிதாக ஒரு பொடியன் இருந்தான், இருபத்தைந்து வயது இருக்கும். பெயரைக் கேட்டான். கணினியில் தேடினான், பிறகு எழுந்து அலுமாரியிலும் தேடினான். உண்மையாகவே தேடினான்.

"பிரதீபன் எண்டு... இல்லை அம்மா. அப்பிடி ஒரு ஆள் எங்கட பதிவில இல்லை."

முன்பெல்லாம் இந்த வசனத்தைக் கேட்டதும் அவள் மேசையில் தலையை வைத்து அழுவாள். சத்தம் போட்டதும் உண்டு. இந்த முறை கதிரையை முன்னால் இழுத்துப்போட்டு இருந்தாள்.

"நல்லாப் பாத்தனீங்களோ தம்பி? ஒரு இடத்திலையும் இல்லையோ?"

"ஒரு இடத்திலையும் இல்லை அம்மா." அவனுக்குக் கவலையாக இருந்தது. இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து, பேனையோடு அவள் பக்கம் தள்ளினான். "முந்தி எங்கையோ விடுபட்டிருக்கு. யோசிக்காதேங்கோ. இண்டைக்கே புதுசாப் பதிஞ்சு விடுவம்."

அவள் படிவத்தைப் பார்த்தாள். முதல் வரியில் பெயர். அதன் கீழே, இறுதியாக இடம்பெயர்ந்த இடம். பதிவில் இல்லாத மீன்தான் உயிரோடு இருந்தது. எங்கேயோ யாரோ ஒருத்தி, மூன்று நாளுக்கு ஒருமுறை அவனைத் தூக்கி மாற்றிக்கொண்டிருக்கலாம். அப்படி நினைப்பது பைத்தியம் என்று அவளுக்குத் தெரியும். என்றாலும் கை பேனைப் பக்கம் போகவில்லை.

"வேண்டாம் தம்பி," என்றாள். "பதியாதேங்கோ."

பேனையை மூடி அவனுடைய மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பரந்தன் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நின்றாள். வந்தது பச்சை பஸ். ஏறுவதற்கு முன்னால் அதன் நம்பரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.